மலையிறங்கும் மாணவருக்கு ஆயிரம் ரூபாய் போதுமா?

வட்டக்கானலில் ஜூன் மாதம் இரண்டு செய்திகளோடு வருகிறது. கோடை சீசன் முடிந்து, டால்பின் நோஸ் பாதையில் சுற்றுலாப் பயணிகள் குறையத் தொடங்குவார்கள். அதே நாள்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கான அழைப்புகள் வரும். பாதையோரத்தில் தேநீரும் மக்காச்சோளமும் விற்கும் குடும்பங்களைப் பொறுத்தவரை, வரவு குறையத் தொடங்கும் நாளும் செலவு தொடங்கும் நாளும் ஒன்றே.

பணி ஓய்வுக்குப் பின் இந்த ஊரில் வசித்துவரும் நான், அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தைச் சில ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்துவருகிறேன். தந்தை மேல்மலையில் குத்தகை நிலத்தில் பூண்டு பயிரிடுபவர். சீசனில் வாடகை ஜீப் ஓட்டுபவர். மூத்தவள் பெண், அவளுக்கு இரண்டு வயது இளையவன் தம்பி. இருவரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். மகள் மலையிறங்கி, சமவெளியில் ஒரு கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றுவிட்டாள். மகனுக்கும் வணிகவியலில் இடம் கிடைத்தது. அவன் போகவில்லை. இப்போது வார இறுதிகளில் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் பாறைக்கும் அருவிக்கும் நடந்துகொண்டிருக்கிறான்.

ஒரே வீடு, ஒரே வருமானம், ஏறத்தாழ ஒரே மதிப்பெண். இருவருக்குமே அரசின் உதவித்தொகை உண்டு. அப்படியிருந்தும் ஒருத்தி போனாள், ஒருவன் நின்றுவிட்டான். நம்முடைய கல்வி உதவித் திட்டங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன, எந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதை இந்த வீட்டை வைத்தே விளக்கிவிடலாம்.

வந்த தூரம்

முதலில் பெருமைப்பட வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வின் 2021-22 அறிக்கைப்படி, 18 முதல் 23 வயது வரையிலானோரில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. காமராசர் காலத்து மதிய உணவிலும் இலவசப் பள்ளிக் கல்வியிலும் தொடங்கி, அடுத்தடுத்து வந்த ஆட்சிகள் கட்டிய படிக்கட்டின் மேல்படி இது. இதில் எந்தக் கட்சியும் முழு உரிமை கொண்டாட முடியாது. எந்தக் கட்சியின் பங்கையும் மறுக்கவும் முடியாது.

அண்மைக் காலத்தில் இந்தப் படிக்கட்டில் சேர்ந்தவை மூன்று. முதலாவது, 2010-11இல் வந்த முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருவோரில், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவரின் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்றது. இரண்டாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் இது சட்டமானது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கற்பிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்துகிறது. மூன்றாவது, மாதம் 1,000 ரூபாய். மாணவியருக்கான புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின.

புதுமைப்பெண் திட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் 1989இல் தொடங்கப்பட்டது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. அதே பெயரில், அந்தத் திட்டத்தை உயர்கல்வி உறுதித் திட்டமாக அரசு மாற்றியது. அம்மையாரின் பெயர் திருமணத்தோடு இருந்ததைவிடக் கல்வியோடு இருப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். 2022-23ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் இதற்கு 698 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

சான்றிதழ் கேட்காத உதவி

இந்த ஆயிரம் ரூபாய்த் திட்டங்களின் மிகச் சிறந்த கூறு பலரால் கவனிக்கப்படாதது. இவை வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். வேறு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் இது உண்டு.

ஏழைகளை எப்படி அடையாளம் காண்பது என்பது பொருளியலில் பழைய சிக்கல். வருமானத்தைச் சோதித்துப் பொறுக்கி எடுக்கும் முறையில், தவறான தகவல், அவமான உணர்வு, நிர்வாகச் செலவு ஆகிய மூன்றும் உடன் வரும் என்று அமர்த்திய சென் நெடுங்காலமாக எடுத்துச் சொல்லிவருகிறார். அரசுப் பள்ளியில் ஏழாண்டு படித்ததையே அடையாளமாகக் கொண்டால் இந்த மூன்றும் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன. வசதியுள்ள குடும்பம், மாதம் ஆயிரம் ரூபாய்க்காகத் தன் பிள்ளையை ஏழாண்டுக்கு முன்பே அரசுப் பள்ளியில் சேர்க்கப் போவதில்லை. அப்படிச் சேர்த்தால் அதுவும் அரசுப் பள்ளிக்கு நன்மையே.

இதற்கு மாறாக, பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையைப் பாருங்கள். 1944இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய கல்வி உதவித் திட்டங்களுள் ஒன்று அது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதைச் சீரமைத்தது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பிட்டு, அதில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநிலங்களும் ஏற்பதென முடிவானது. முன்பிருந்த, மாநிலங்களின் மீது பெருஞ்சுமையை ஏற்றிய பொறுப்புத்தொகை முறையைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அதன் வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். கணவனும் மனைவியும் நாளுக்கு ஆளுக்கு 500 ரூபாய்க் கூலிக்கு, ஆண்டில் 250 நாள் வேலை பார்த்தால் அந்த வரம்பைத் தொட்டுவிடுவார்கள். இன்னொரு நாள் வேலை கிடைத்தால் அவர்கள் ஏழைகள் அல்லர். 2019இல் வந்த, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான இட ஒதுக்கீட்டில் வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே அரசிடம் ஏழ்மைக்கு இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றைப் போல் மும்மடங்குக்கும் அதிகம்.

அந்தத் திட்டத்தின் பராமரிப்புப் படியும் வியப்பளிப்பது. வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் சாதாரணக் கலை, அறிவியல் மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். விடுதி மாணவருக்கு 6,000 ரூபாய். மாதக் கணக்கில் முறையே 250, 500 ரூபாய். இதனோடு ஒப்பிட்டால் மாநில அரசின் மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகைதான்.

மூன்று தடைகள்

அப்படியானால் வட்டக்கானல் பையன் ஏன் போகவில்லை?

கல்லூரிக்குப் போவதில் மூன்று தடைகள் உள்ளன. முதல் தடை கட்டணம். இரண்டாவது, கட்டணத்துக்கு வெளியே உள்ள வாழ்க்கைச் செலவு. மூன்றாவது, படிக்கும் காலத்தில் கைவிட வேண்டிய வருமானம். தமிழ்நாடு முதல் தடையைப் பெருமளவு தகர்த்துவிட்டது. அரசுக் கலைக் கல்லூரியில் சேரும் ஏழை மாணவரை இன்று கட்டணம் மட்டும் தடுத்து நிறுத்திவிடுவதில்லை. எஞ்சியவை மற்ற இரண்டும்.

இரண்டாவது தடையின் உயரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. திண்டுக்கல் நகரில் வசிக்கும் மாணவி காலையில் பேருந்தேறிக் கல்லூரிக்குப் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்பது புத்தகம், அலைபேசி, மதிய உணவு ஆகியவற்றை ஈடுகட்டி, கையில் சிறிது மிச்சமும் வைக்கும். கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல் ஏறத்தாழ 95 கிலோ மீட்டர். பழனி ஏறத்தாழ 65 கிலோ மீட்டர். அதில் பெரும்பகுதி கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதை. மன்னவனூர், கூக்கால், பூம்பாறை போன்ற மேல்மலைச் சிற்றூர்களிலிருந்து வருவோர் முதலில் கொடைக்கானலுக்கே வந்துசேர வேண்டும். நாள்தோறும் போய்வருவது இயலாத காரியம். மலையிறங்கும் மாணவருக்கு விடுதியோ வாடகை அறையோ கட்டாயம்.

மலையிலேயே உயர்கல்வி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1984இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலில்தான் இருக்கிறது. மலைப் பெண்களுக்கு அது பெரும் கொடை. ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு அதன் கதவு இயல்பாகவே இல்லை. பெண்களுக்கும் விரும்பும் பாடம் எல்லாம் ஓரிடத்தில் அமைந்துவிடாது. 1901 முதல் உலகெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து படிக்கும் பன்னாட்டுப் பள்ளி இயங்கும் அதே மலையில், உள்ளூர் இளைஞர் பலர் படிப்புக்காக ஊரை விட்டு இறங்குகிறார்கள்.

வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்று அரசுக்கே தெரியும். அரசின் நலத்துறை விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கான மாத உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்து, பொதுச் சமையலறையில் ஆக்கிப் போடும்போதே ஒருவருக்கு உணவுக்கு மட்டும் 1,500 ரூபாய் ஆகிறது என்பது அரசின் சொந்தக் கணக்கு. வெளியில் தங்கி உண்ணும் மாணவருக்கு எவ்வளவு ஆகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். இந்த விடுதிகளுக்கு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் சூட்டப்பட்டது. நல்ல பெயர். அந்தப் பெயருக்கு உரிய எண்ணிக்கையில் இடங்களும் வேண்டும். மலை மாணவரைப் பொறுத்தவரை, ஆயிரம் ரூபாயைவிட விடுதியில் ஓர் இடம் மதிப்பு மிக்கது.

2024-25ஆம் ஆண்டின் மாநில நிதிநிலை அறிக்கை, மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை ஆகிய மலைப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்தியது. மலைக்குத் தனிக் கணக்கு வேண்டும் என்பதை அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக அதைப் பார்க்கிறேன். மலைக்குள் அது பேருதவி. மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் தொலைதூரப் பேருந்துக்கு அது பொருந்தாது.

மூன்றாவது தடை கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே திட்டங்களில் இடம்பெறாதது. இங்கே ஓர் இளைஞன் மாதத்தில் 20 நாள், நாளுக்கு 500 ரூபாய் ஈட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 ரூபாய், மூன்றாண்டுகளில் 3.6 லட்சம் ரூபாய். அதே மூன்றாண்டுகளில் தமிழ்ப் புதல்வன் திட்டம் அவனுக்குத் தருவது 36,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கு. பட்டம் பெற்றால் வாழ்நாளில் இதைப் பல மடங்கு மீட்டுவிடலாம் என்று வகுப்பறையில் நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் வீட்டில் அரிசி வாங்க வேண்டியது இந்த வாரம். மூன்றாண்டுக்குப் பிறகு வரக்கூடிய சம்பளத்தை அடகு வைத்து மளிகைக் கடையில் கடன் வாங்க முடியாது.

மகள் போனதும் மகன் நின்றதும் இப்போது விளங்கும். அவளுக்கு இந்த ஊரில் கைவிடுவதற்குப் பெரிய வருமானம் இல்லை. அவனுக்கு இருந்தது. மகன் மெச்சத்தக்க பிள்ளை. சோம்பேறியும் அல்லன், படிப்பை வெறுத்தவனும் அல்லன். அக்காளின் படிப்புக்காகத் தந்தை மண்டியில் வாங்கிய முன்பணம் இன்னும் அடைபடவில்லை என்பதை அறிந்தவன்.

பணம் வரும் நாள்

அந்த முன்பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். மகள் கல்லூரியில் சேர்ந்த மாதத்தில் விடுதி முன்வைப்பு, உணவு முன்பணம், பாய் படுக்கை, உடை, பயணம் என்று பதினெட்டாயிரம் ரூபாய் தேவைப்பட்டது. கற்பிப்புக் கட்டணம் இதில் அநேகமாக ஏதுமில்லை. தந்தை பூண்டு மண்டியில் முன்பணம் வாங்கினார். மண்டி முன்பணத்துக்கு வட்டி எழுதுவதில்லை. விளைந்த பூண்டை அந்த மண்டிக்கே, அவர்கள் சொல்லும் விலைக்குப் போட வேண்டும் என்பதே நிபந்தனை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டால் கிடைக்கக்கூடிய கூடுதல் விலை, அந்த ஆண்டு இந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. வட்டி, விலைக்குள் ஒளிந்திருந்தது.

உதவித்தொகை வராமல் போகவில்லை. ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகே விண்ணப்பம். அதன் பிறகே பள்ளி விவரச் சரிபார்ப்பு, வங்கிக் கணக்கோடு ஆதார் இணைப்பு. அதன் பிறகே பணம். இது எவருடைய தவறும் அன்று. திட்டத்தின் வரிசைமுறையே அப்படி. செலவு முதல் நாளில் வருகிறது, உதவி பின்னால் வருகிறது. இடைப்பட்ட மாதங்களைக் கடக்கக் கையிருப்பு உள்ளவர்களுக்கே இந்த வரிசைமுறை ஏற்றது. கையிருப்பு இல்லாதவர்களுக்காகவே திட்டம்.

இதில் எனக்கும் ஒரு குற்ற உணர்வு உண்டு. பணியில் இருந்தபோது சில ஆண்டுகள் நான் துறையின் உதவித்தொகைப் பொறுப்பாசிரியராக இருந்தேன். முதலாமாண்டு மாணவர் ஒருவர் கொண்டுவந்த வருமானச் சான்றிதழில் தந்தையின் முன்னெழுத்து மாறியிருந்தது. திருத்தி வாங்கி வருமாறு திருப்பி அனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இருமுறை அலைந்து திருத்தி வாங்கி வந்தார். அதற்குள் அந்த ஆண்டின் கடைசி நாள் நெருங்கியிருந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது, தொகை அடுத்த கல்வியாண்டில் வந்தது. அதை வாங்கிக்கொள்ள அவர் அங்கே இல்லை. இரண்டாம் பருவத் தேர்வுக்கே வரவில்லை. திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக உடன் படித்தவர்கள் சொன்னார்கள். கோப்பில் அவர் பெயருக்கு எதிரே ‘தொகை வழங்கப்பட்டது’ என்றே பதிவாகியிருக்கும். புள்ளிவிவரத்தில் அவர் இன்றும் பயனாளிதான்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நான் உதவித்தொகைத் திட்டங்களை மதிப்பிடும்போது, எவ்வளவு கொடுத்தார்கள் என்று மட்டும் பார்ப்பதில்லை. எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்றும் பார்க்கிறேன்.

தேயும் தொகை

இன்னொரு சிக்கல், தொகை அப்படியே நிற்பது. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலையேற்றம் என்று கொண்டால், 1,000 ரூபாயின் வாங்கும் திறன் மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 864 ரூபாயாகக் குறைந்துவிடும். 2022இல் சேர்ந்த மாணவியும் இன்று சேரும் மாணவியும் பெறும் ஆயிரம், தாளில்தான் ஒன்று.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் 1972இல் உருவான பெல் உதவித்தொகை, ஏழை மாணவருக்கான கூட்டரசின் முதன்மைத் திட்டம். 1970களின் நடுவில் அதன் உச்சத் தொகை, அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தங்கி உண்ணும் செலவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஈடுகட்டியது. இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் ஈடுகட்டுகிறது. திட்டத்தை எவரும் ரத்து செய்யவில்லை. தொகையும் இடையிடையே உயர்த்தப்பட்டது. செலவு அதைவிட வேகமாக ஓடியது; மிச்சத்தை மாணவர்கள் கடனால் நிரப்பினார்கள்.

அண்டையிலுள்ள இலங்கையில் 1981இல் தொடங்கிய மகாபொல உதவித்தொகை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என எல்லாப் பகுதிகளின் தமிழ் மாணவர்களுக்கும் பல்கலைக்கழக வாழ்வின் அச்சாணி. மாதம் சுமார் 5,000 ரூபாயாக அது நின்றிருந்த காலத்தில்தான் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில்தான் அந்தத் தொகை 7,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெருக்கடிக்கும் உயர்வுக்கும் இடைப்பட்ட காலத்தில் படித்தவர்கள் பட்டினியோடு படித்தார்கள்.

ஆந்திரத்தின் பாடம் வேறு வகையானது. அங்கே 2008 வாக்கில் கட்டணத்தை அரசே கல்லூரிகளுக்குத் திருப்பிச் செலுத்தும் திட்டம் பெரிய அளவில் வந்தது. ஏழை மாணவர் பலர் பொறியாளர் ஆனார்கள். ஆனால் நிலுவை சேரச் சேர, கல்லூரிகள் மாணவரை நெருக்கத் தொடங்கின. அரசுக்கும் கல்லூரிக்கும் இடையிலான கணக்கில் மாணவரின் சான்றிதழ் பணயமானது. உதவி மாணவரின் கைக்கு நேரடியாக வருவது நல்லது என்பதும், அது உரிய காலத்தில் வராவிட்டால் எந்த வழியாக வந்தாலும் பயனில்லை என்பதும் அதன் பாடங்கள்.

செய்யத்தக்கவை

புதிய திட்டம் எதுவும் தேவையில்லை என்பதே என் கருத்து. இருக்கும் திட்டங்களில் ஐந்து திருத்தங்கள் போதும்.

ஒன்று, முதல் ஆறு மாதத் தொகையை, அதாவது 6,000 ரூபாயை, சேர்க்கை நாளிலேயே முன்பணமாகக் கொடுக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தார் என்ற விவரம் பள்ளிக் கல்வித் துறையின் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வெளியாகும் மே மாதத்திலேயே சரிபார்ப்பை முடித்து, தகுதிச் சீட்டை மதிப்பெண் பட்டியலோடு கொடுத்துவிடலாம். சரிபார்ப்பதற்காக மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு, தாமதத்துக்கு இழப்பீடு. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலி தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்ற விதி சட்டத்திலேயே எழுதப்பட்டது. நடைமுறையில் அதில் குறைகள் இருந்தாலும், தாமதம் ஓர் உரிமை மீறல் என்ற கொள்கையை அது நிலைநாட்டியது. கூலித் தொழிலாளிக்கு ஏற்கப்பட்ட அந்தக் கொள்கை அவருடைய மகளின் உதவித்தொகைக்கும் பொருந்த வேண்டும்.

மூன்று, மலைக்கும் தொலைவுக்கும் தனிப்படி. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி பயில்வோருக்கு விடுதிக் கட்டணத்தை ஏற்கும் அரசு, அந்தக் கொள்கையை மலைப் பகுதிகளிலிருந்து இறங்கிக் கலை, அறிவியல் பயில்வோருக்கும் நீட்டிக்கலாம். விடுதியில் முன்னுரிமை, இடமில்லையென்றால் மாதம் கூடுதலாக 1,000 ரூபாய். கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை, ஏற்காடு, ஜவ்வாது மலை, கொல்லிமலை எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டாலும், பத்து மாதத்துக்கு ஆகும் செலவு 10 கோடி ரூபாய். புதுமைப்பெண் திட்டத்துக்கு முதலாண்டில் ஒதுக்கிய தொகையில் இது ஒன்றரை விழுக்காடுகூட இல்லை.

நான்கு, ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தொகையை உயர்த்துவது. அரசு ஊழியரின் அகவிலைப்படிக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள நியாயமே இதற்கும் உரியது. ஓய்வூதியம் பெறுபவன் என்ற முறையில் அந்த நியாயத்தின் பயனை நான் ஆண்டுக்கு இருமுறை அனுபவிக்கிறேன். இருபது வயது மாணவிக்கு அது மறுக்கப்படக் காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஒன்றிய அரசின் 2.5 லட்சம் வருமான வரம்பும் இதே முறையில் உயர வேண்டும்.

ஐந்து, முதல் பட்டதாரி என்பதன் பொருளை விரிக்க வேண்டும். அக்காள் பட்டம் பெற்றுவிட்ட வீட்டில் தம்பி முதல் பட்டதாரி அல்லன். அவள் பட்டம் பெற்றதால் குடும்பத்தின் வருமானம் உயர்ந்துவிட்டதா, கடன் தீர்ந்துவிட்டதா என்று விதி கேட்பதில்லை. பெற்றோர் இருவரும் பட்டம் பெறாத வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் முதல் தலைமுறைதான். சலுகையைத் தலைமுறைக்குக் கொடுப்பதே அதன் பெயருக்குப் பொருத்தம்.

இலவசம் என்ற வாதம்

மாநிலத்தின் கடன் சுமை ஏறிவரும் காலத்தில் இன்னுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பொருளியல் படித்தவன் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. என் விடை இது: எல்லாச் செலவும் ஒரே வகை அல்ல. ஒருமுறை கொடுத்து முடிந்துபோகும் பொருளும், ஒரு மனிதரின் நாற்பதாண்டு உழைப்பின் மதிப்பை உயர்த்தும் செலவும் கணக்கேட்டில் ஒரே பத்தியில் எழுதப்பட்டாலும் வேறு வேறு. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி உள்ளிட்ட கருவிகளை வழங்க, 2025-26ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கை 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. நான் அதைக் குறை கூறவில்லை. ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டாத பையனுக்கு அந்தக் கணினி கிடைக்காது. வாசலுக்குக் கொண்டுவரும் 10 கோடியைச் செலவிடாமல், வாசலுக்குள் இருப்பவருக்கு 2,000 கோடியைச் செலவிடுவது வரிசை மாறிய சிக்கனம்.

47 விழுக்காடு என்ற மாநில எண்ணும் இங்கே கவனத்தோடு பார்க்கப்பட வேண்டும். சராசரிகள் சமவெளியில் எடுக்கப்படுவதில்லை, மலையிலும் எடுக்கப்படுவதில்லை; இரண்டையும் கூட்டி வகுத்து எடுக்கப்படுகின்றன. சென்னை, கோவையின் உயரத்தில் மேல்மலைச் சிற்றூர்களின் பள்ளம் மறைந்துவிடும். மாவட்ட வாரியாக மட்டுமல்லாமல் ஒன்றிய வாரியாகவும், ஆண், பெண், பட்டியல் பழங்குடியினர் என்று தனித்தனியாகவும் சேர்க்கை விவரத்தை அரசு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பழனி மலைத்தொடரின் பளியர் குடியிருப்புகளிலிருந்து எத்தனை பேர் கல்லூரியில் இருக்கிறார்கள் என்பதை, ஒரு சாதாரண வாசகர் ஒரு பக்கத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளும் நிலை வேண்டும்.

கடந்த வாரம் அந்தப் பையனைப் பாதையில் பார்த்தேன். கேரளத்திலிருந்து வந்த ஒரு குழுவைப் பாறைக்கு அழைத்துச் சென்றுகொண்டிருந்தான். அடுத்த ஆண்டு சேரலாமா, இடைவெளி விட்டவர்களுக்கும் அந்த ஆயிரம் ரூபாய் உண்டா என்று கேட்டான். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். நாற்பது ஆண்டு பொருளியல் கற்பித்தவனிடம் அவன் கேட்டது மிக எளிய கேள்வி. அதற்கு உடனடியாக விடை சொல்ல ஒரு பேராசிரியராலேயே முடியவில்லை என்றால், பூண்டுத் தோட்டத்தில் இருக்கும் அவன் தந்தையால் எப்படி முடியும்? அடுத்த ஜூனுக்குள் விடையைக் கண்டுபிடித்து, சேர்க்கைக்கு அவனோடு மலையிறங்குவது என் கடமை. அவன் கையில் முதல் நாளே பணம் இருக்கும்படி செய்வது அரசின் கடமை.